கயிற்றில் கட்டிய கல்

போன பங்குனியில் என் பழைய காருக்கு எல்இடி ஹெட்லைட் பல்பு மாட்டினேன். தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இரவில் ஓட்டுகிறவர்களிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எதிரே வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள் வரும்போது, என் வண்டியின் மஞ்சள் வெளிச்சம் இருக்கிற இடமே தெரியாது. மாட்டிய அன்று ராத்திரி ரோடு வெள்ளை வெளேரென்று கிடந்தது. கூடவே டேஷ்போர்டில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கும் எரிந்தது. ஹெட்லைட் பல்பு போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். ரெண்டு பல்பும் கண் கூசுகிற மாதிரி எரிந்துகொண்டிருக்கும்போது!

மூணாவது மைல் பக்கம் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். "ஒண்ணும் இல்லண்ணே. வண்டி கரண்டைத்தான் பாக்கும், வெளிச்சத்தைப் பாக்காது" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். வண்டியின் கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. 55 வாட் ஆலஜன் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ நாலரை ஆம்பியர் இழுக்கும். எல்இடி அதில் பாதியோ, அதற்கும் குறைவாகவோதான் இழுக்கும். கணக்குக் குறைந்ததும் இழை அறுந்துவிட்டது என்று வண்டி முடிவுகட்டுகிறது. இதற்கு வைத்தியம், பல்புக்கு இணையாக ஒரு ரெசிஸ்டர். அது வெளிச்சம் தராது. கரண்டைத் தின்று சூடாவது மட்டும்தான் அதன் வேலை. பிளாஸ்டிக்கில் பட்டால் உருக்கிவிடும் என்பதால் தகரத்தில் பதித்து வைக்க வேண்டும். மிச்சம் பிடித்த மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கி, பழைய பல்பு இருப்பதுபோல் நடிக்க வைக்கிறோம்.

"வண்டிக்கு ஒரு பொய் சொல்லணும்ணே, அவ்ளோதான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மாட்டச் சொன்னேன். மஞ்சள் விளக்கு அணைந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அந்த வார்த்தை மட்டும் உறுத்தியது. எந்திரத்திடம் பொய் சொல்ல முடியுமா? 1797இல் காண்ட் ஒரு கட்டுரை எழுதினார். நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. ஆனால் அவர் பேசியது மனிதர்களுக்கு இடையிலான கடமையைப் பற்றி. என் கார் யாரும் இல்லையே. தவிர, முதலில் தப்பாகச் சொன்னது வண்டிதான். எரிகிற பல்பை எரியவில்லை என்றது. ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் நேர்செய்தேன், கணக்கு சரி. இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமாதானத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த எச்சரிக்கை வண்டிக்கானது இல்லை, எனக்கானது. நாளைக்கு எல்இடி நிஜமாகவே செத்துப்போனாலும் ரெசிஸ்டர் தன் பங்குக்குக் கரண்டை இழுத்துக்கொண்டிருக்கும். அந்த அளவே போதும் என்று வண்டி நினைத்துவிட்டால் விளக்கு எரியாது. நான் ஏமாற்றியது நாளைய என்னைத்தான்.

எங்கள் கடற்கரைக்கு இது புரியாத விஷயம் இல்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. குளியாளி ஒரு கல்லின் பாரத்தில் கீழே இறங்குவான். தரை தொட்டதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். அதன்பிறகு இன்னொரு கயிறுதான் அவன் உயிர். மூச்சு முட்டும்போது அதை அசைப்பான், மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். மச்சான் கையில்தான் அந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு, அக்கா தங்கச்சி தாலி சம்பந்தப்பட்டது என்பதால். அந்தக் கயிற்றின் நுனியில் ஆளுக்குப் பதில் ஒரு கல்லைக் கட்டிவிட்டால், மேலே பிடித்திருப்பவன் கைக்குப் பாரம் தெரியும். ஆள் இருக்கிறான் என்று நிம்மதியாக இருப்பான். என் ரெசிஸ்டர் அந்தக் கல்.

ஆனால் என்னை உண்மையில் அசைத்தது இது இல்லை. ரெண்டு வாரம் கழித்து, விடியற்காலை நாலு மணி இருக்கும். உப்பளங்களை ஒட்டிய சாலையில் வந்துகொண்டிருந்தேன். வெயிலுக்கு முன் வேலையை முடிக்க உப்பளத்துக்காரர்கள் போகிற நேரம். சைக்கிளில் வந்த ஒரு பெரியம்மா தடுமாறி மண்ணில் இறங்கி, கண்ணை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார். நிறுத்தினேன்.

"லைட்டைக் கொஞ்சம் இறக்குங்க தம்பி. ஒண்ணும் தெரியல."

நான் டிம்மில்தான் வந்திருந்தேன்.

ஆலஜனுக்கான ரிஃப்ளெக்டர், இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்டது. வெளிச்சம் பிறக்கிற இடம் மாறினால் அது ரோட்டில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் சிதறும். தயாரிப்பாளரின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த மஞ்சள் விளக்கு காரணம் தெரியாமலேயே ஒரு நிஜத்தைச் சொல்லியிருந்தது: 'இங்கே இருக்க வேண்டியது இது இல்லை.' பெரியம்மா கண் கூசுவதைக் காட்ட எந்த டேஷ்போர்டிலும் விளக்கு இல்லை.

எது வாய்மை என்பதற்கு வள்ளுவர் வைத்த அளவுகோல் சொல்லுக்கும் நடப்புக்குமான பொருத்தம் இல்லை. பிறருக்குத் தீங்கு வருகிறதா என்பதுதான். நல்லது விளையுமானால் பொய்யையும் அவர் மன்னிப்பார். என் பொய்யால் விளைந்தது என் வசதி மட்டும். தீங்கு சைக்கிளில் வந்தவருக்கு.

மறுநாள் அதே கடைக்குப் போனேன். பழைய பல்பு ஏன் மங்கலாக எரிந்தது என்று முதல் தடவையாகக் கேட்டேன். கண்ணாடி மஞ்சள் பூத்திருந்தது. எர்த் ஒயர் பாடியில் பிடிக்கிற இடம் உப்புக்காற்றில் துருவேறியிருந்தது. துருவைச் சுரண்டி, கண்ணாடியைப் பாலிஷ் போட்டு, ஆலஜனையே திரும்ப மாட்டினார்.

"இதை மொதல்லயே பாத்திருக்கலாமேண்ணே" என்றார்.

ரெசிஸ்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். டேஷ்போர்டு இருட்டாக இருந்தது, இந்தத் தடவை யாரும் அதன் வாயை அடைக்காமலே.