ஒலிப்பதிவும் உழைப்பும்

கலை பற்றிய விவாதங்களிலே இயந்திரத்தின் பெயர் அடிபடும்போதெல்லாம் இரு குரல்கள் எழுவதை நாம் கேட்கின்றோம். இயந்திரம் வந்தது, இசையின் உயிர் போயிற்று என்று ஒரு குரல் புலம்புகின்றது. இயந்திரம் வெறும் கருவியே, நல்லது கெட்டது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை என்று மற்றைய குரல் கைகழுவி விடுகின்றது. கணினியிலே இசையைப் பதிவு செய்யும் மென்பொருள்கள் பரவிவிட்ட இக்காலத்தில் இவ்விரு குரல்களும் உரத்தே ஒலிக்கின்றன. ஆயின் இரண்டுமே ஒரு வினாவைத் தட்டிக் கழிக்கின்றன என்பது எமது கருத்து. பதிவிலே நாம் கேட்கும் இசை யாருடைய உழைப்பு? அந்த உழைப்பாளிக்கு நாம் பட்ட கடன் யாது?

வினாவை விளங்கிக்கொள்ள, இம்மென்பொருள்களின் தொழிற்பாட்டைச் சிறிது நோக்குவோம். இவற்றிலே இருவகைத் தடங்கள் உண்டு. முதலாவது, ஓடியோ தடம். ஒலிவாங்கியின் முன் நின்று ஒருவர் பாடுகின்றார். காற்றின் அதிர்வு மின்னலையாகி, இறுவட்டின் தரத்திலே சொல்வதானால் செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, எண்களாகச் சேமிக்கப்படுகின்றது. பாடகரின் மூச்சு, அறையின் எதிரொலி, தெருவிலே சென்ற வண்டியின் இரைச்சல் யாவும் அதில் அடங்கிவிடும். குறித்த ஒரு மனிதர் குறித்த ஓரிடத்தில் குறித்த ஒரு கணத்தில் செய்த செயலின் சுவடு அது.

இரண்டாவது, மிடித் தடம். இதிலே ஒலி என்பதே இல்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகத்துடன் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் செய்திகளே இதிற் பதிவாகின்றன. கட்டைக்கு 0 முதல் 127 வரையில் ஓர் எண். வேகத்துக்கும் அவ்வாறே ஓர் எண். தடத்தை மீள இயக்கும்போது அவ்வெண்களைப் படித்து ஒலி எழுப்புவது வேறொரு கருவி. அதனை வயலினாக ஒலிக்கச் செய்யலாம். மனம் மாறினால் மறுகணமே புல்லாங்குழலாக்கலாம். பிழைத்த சுரத்தைத் திருத்தலாம். தாளம் பிசகிய இடங்களைக் குவாண்டைஸ் என்னும் ஒரு கட்டளையினால் ஒழுங்குக்குக் கொண்டுவரலாம். சுருங்கக் கூறின், முதலாவது தடம் நிகழ்ந்ததைக் காக்கின்றது. இரண்டாவது தடம் இட்ட கட்டளையைக் காக்கின்றது.

இரண்டாவது தடம் பொய், முதலாவதே மெய் என்று பழமையை விரும்புவோர் தீர்ப்பளிக்கின்றனர். இத்தீர்ப்பு நிலைக்காது. ஓடியோ தடத்திலும் பத்துத் தடவை பாடியவற்றில் நல்ல அடிகளை வெட்டி ஒட்டியே ஒரு பாடல் உருவாகின்றது. தாளிலே எழுதிய சுரக்குறிப்பும் ஒரு கட்டளையே. அதனை எவரும் பொய் என்பதில்லை. எழுத்தாளன் தன் வாக்கியத்தை அடித்துத் திருத்துவது வஞ்சகம் அன்று எனின், இசைஞன் தன் தாளத்தைத் திருத்துவது மாத்திரம் எவ்வாறு வஞ்சகமாகும்? தவறு திருத்தத்தில் இல்லை. அது மறைவாக உள்ள வேறோரிடத்தில் இருக்கின்றது.

கட்டையை அழுத்தியதும் எழும் அந்த வயலினின் ஒலி எங்கிருந்து வந்தது? சில ஒலிகளைக் கருவி தானே ஆக்குகின்றது. ஆயின் வயலின் போன்ற வாத்தியங்களின் ஒலித்தொகுப்புகள் பெரும்பாலும் மனிதர் வாசித்தவையே. ஒரு வயலின் கலைஞர் ஒவ்வொரு சுரத்தையும் மெலிதாகவும் உரத்தும், நீட்டியும் குறுக்கியும் நாட்கணக்கில் வாசித்துக் கொடுத்திருக்கின்றார். அவை தனித்தனியே பதிவு செய்யப்பட்டு விற்பனைக்கு வந்துள்ளன. எனவே மிடிக் கட்டளைக்கு அடியிலே கிடப்பதும் ஓர் ஓடியோ பதிவுதான். ஒரு மனிதரின் கடந்தகால உழைப்புத்தான். விற்பனையிலே பங்கு கொடுக்கும் தொகுப்புகள் சில உண்டெனினும், அன்றைய கூலியுடன் கணக்குத் தீர்ப்பதே பெருவழக்கு. கட்டளையிட்டவரின் பெயர் பாடலின் மேலே துலங்குகின்றது. ஒலித்தவரின் பெயரோ எங்கும் இல்லை.

இவ்வேற்றத்தாழ்வு இன்று முளைத்ததன்று. துளையிட்ட தாட்சுருளினால் தானே இயங்கும் பியானோக்கள் அமெரிக்காவிலே விற்பனையாகிய காலத்தில், அச்சுருளும் இசையின் பிரதியா என்ற வழக்கு எழுந்தது. மனிதக் கண்ணால் வாசிக்கமுடியாத சுருள் இயந்திரத்தின் ஓர் உறுப்பே, அது பிரதியன்று என 1908இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுவருடச் சட்டம், சுருளொன்றுக்கு 2 சதம் இசையின் உரிமையாளருக்குச் சேரவேண்டும் என விதித்தது. இசையை எழுதியவருக்கு இவ்வாறு சட்டத்திலே இடம் கிடைத்தது. வாசித்தவரின் ஒலிக்கோ நீண்டகாலம் இடமில்லை. ஒலிப்பதிவு என்ற பொருளுக்கு அமெரிக்க மத்திய சட்டத்தின் பாதுகாப்பு 1972 பெப்ரவரி 15 முதல் ஆக்கப்பட்ட பதிவுகளுக்கே கிடைத்தது. அவ்வுரிமையும் பெரும்பாலும் கம்பனிகளின் கைகளிலேயே சேர்ந்தது.

இதன் விளைவைக் காட்ட ஓர் உதாரணம் போதும். 1969இல் 'த வின்ஸ்டன்ஸ்' என்னும் அமெரிக்க இசைக்குழு 'ஆமென், பிறதர்' என்ற வாத்திய இசையைப் பதிவு செய்தது. அதன் நடுவே கிறெகரி கோல்மன் என்ற கறுப்பின வாத்தியக் கலைஞர் ஏறக்குறைய ஏழு செக்கன்கள் தனியே முழவுகளை வாசித்தார். 1980களின் பிற்பகுதி முதல் அந்த ஏழு செக்கன்கள் வெட்டி எடுக்கப்பட்டு ஆயிரக்கணக்கான பதிவுகளிலே சேர்க்கப்பட்டன. 1990களில் பிரித்தானியாவில் எழுந்த நடன இசை வகைகள் சில அதன்மேலேயே கட்டப்பட்டன எனலாம். கோல்மனுக்கு அதனால் ஒரு சதமும் கிடைக்கவில்லை. 2006இல் அவர் வறுமையிலே இறந்தார். குழுத் தலைவர் றிச்சட் ஸ்பென்சருக்கு 2015இல், அவ்விசையால் வாழ்ந்தோரும் அதனை விரும்பியோரும் நன்கொடையாகத் திரட்டிய 24,000 பவுண்கள் கிடைத்தன. அது நன்றியின் அடையாளம், நீதி அன்று.

இங்கு முற்போக்கு எண்ணமுடைய வாசகர் ஒருவர் எம்மை இடைமறித்துக் கேட்கலாம்: "இசை மக்களின் பொதுச்சொத்து அன்றோ? கோல்மனின் தாளத்தை எடுத்தாண்டவர்களிற் பலர் ஏழை இளைஞர்கள். உரிமைச் சட்டத்தின் வேலி உயர்ந்திருந்தால் அவர்களின் இசையே பிறந்திராதே!" இவ்வினா நியாயமானது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

பொதுமை எத்துணை வளம் தரும் என்பதற்கு மிடியே சான்று. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த கண்காட்சியொன்றிலே, டேவ் ஸ்மித்தின் அமெரிக்கக் கம்பனி செய்த ஒரு கருவியும் இக்குத்தாரோ கக்கெஹாஷியின் யப்பானியக் கம்பனியான றோலண்ட் செய்த ஒரு கருவியும் இணைக்கப்பட்டன. போட்டிக் கம்பனிகளின் கருவிகள் ஒரே மொழியிற் பேசின. அம்மொழியை எவரும் உரிமைக்கட்டணமின்றிக் கையாளலாம் என விட்டனர். நான்கு தசாப்தங்கள் கடந்தும் அது நிலைத்து நிற்கின்றது. ஆயின் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. ஸ்மித்தும் கக்கெஹாஷியும் தம்முடையதை அறிந்து கொடுத்தார்கள். கோல்மனிடமிருந்து அவர் அறியாமலே எடுக்கப்பட்டது. கொடுத்ததும் பொதுமை, எடுத்ததும் பொதுமை என்று ஒரே சொல்லால் இரண்டையும் போர்த்துவது நேர்மையன்று. மேலும், அவ்விசையைத் தாங்கிய தட்டுக்கள் சந்தையிலே விலைக்கு விற்கப்பட்டன. விற்றவருக்கு அது தனிச்சொத்து. வாசித்தவருக்கு மாத்திரம் அது பொதுச்சொத்தா?

அவ்வாறாயின் ஒவ்வொரு செக்கனுக்கும் வேலி போடுவதுதான் வழியா? அன்று. தொழிலாளரின் வரலாறே வேறொரு வழியைக் காட்டியுள்ளது. இசைத்தட்டும் வானொலியும் நேரடி இசைஞரின் பிழைப்பைக் குலைத்தபோது, ஜேம்ஸ் பெற்றில்லோவின் தலைமையில் அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம் 1942 ஆகஸ்ட் 1ஆம் திகதி முதல் பதிவுகளுக்கு வாசிக்க மறுத்தது. பெருங் கம்பனிகள் 1944 நவம்பர் வரை பிடிவாதமாக நின்று ஈற்றிலே பணிந்தன. விற்பனையாகும் தட்டுக்களிலிருந்து ஒரு சிறு தொகை பொது நிதியொன்றுக்குச் சேர்ந்தது. அந்நிதி இசைஞருக்குக் கூலி கொடுத்தது. அவர்கள் பொதுமக்களுக்குக் கட்டணமின்றி வாசித்தனர். இயந்திரத்தை எவரும் உடைக்கவில்லை. இசைக்கு வேலியும் போடவில்லை. இயந்திரத்தின் ஆதாயத்தில் ஒரு பகுதி வாசித்தோர் இனத்துக்குத் திரும்பியது. அவர்கள் மூலம் மக்களையும் சென்றடைந்தது. அந்நிதியின் நிர்வாகம் பின்னர் சங்கத்தின் கையைவிட்டுச் சென்றது என்பதையும் நாம் மறைக்கவில்லை. எனினும் பொதுமையும் உழைப்பின் உரிமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அது நிறுவியது.

இன்று பழைய பதிவுகளைக் கற்றுப் புதிய இசையை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் வந்துள்ளன. அங்கே ஏழு செக்கன்களை வெட்டி எடுத்த தடயங்கூடக் காணக் கிடைப்பதரிது. வினா மாறவில்லை, மறைப்பின் ஆழமே கூடியுள்ளது.

மடிக்கணினியொன்றுடன் பாடலாக்கும் மாணவனை நாம் தடுக்கவேண்டியதில்லை. அவனுக்குக் கிடைத்த வசதி முன்னோர் அறியாத வசதி. ஆயின் அவனுக்குத் தடங்களைச் சேர்க்கக் கற்பிக்கும் ஆசிரியர், ஒவ்வொரு தடத்தின் அடியிலும் யாருடைய கை இருக்கின்றது என்று கேட்கவும் கற்பிக்கவேண்டும். பெயர் தெரிந்தால் எழுதட்டும். பாடல் பணமீட்டினால் பங்கு கொடுக்கட்டும். பெயர் தெரியாதவிடத்து, தெரியாத கையொன்று இங்கு உழைத்தது என்பதையேனும் அவன் உணரட்டும். தனி மனிதரின் நேர்மை இவ்வளவே செய்யக்கூடும். எஞ்சியதை 1942இல் போலச் சங்கமாகத் திரண்டோரே செய்யவேண்டியிருக்கும்.