அறைக்கு நான்கு பேர்

எங்கள் பக்கத்தில் உரிமத்துக்கும் ஊர்ப்பெயர் உண்டு. பெரிய பட்டாசு ஆலைக்கு நாக்பூர் உரிமம், அதற்கு அடுத்தபடி சென்னை உரிமம், சிறியதற்கு மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. உரிமம். சாத்தூரிலோ வெம்பக்கோட்டையிலோ டீக்கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. ஆனால் பலகையில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று பார்த்து எந்தத் தாயும் மகளை வேலைக்கு அனுப்புவதில்லை. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளம், 2024 மே 9-இல் செங்கமலப்பட்டி. வெடித்தவை மூன்றும் ஒளிந்து நடந்த குடிசைத் தொழில் அல்ல, பெயர்ப்பலகை மாட்டிய ஆலைகள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் செய்தித்தாளில் அதே இரண்டு விஷயங்கள்தான் திரும்ப வரும்: ஆலையை உள்குத்தகைக்கு விட்டிருந்தார்கள், நான்கு பேர் இருக்கவேண்டிய அறையில் அதற்கு மேல் ஆட்கள் இருந்தார்கள்.

அதனால் விவரம் தெரிந்த பெண்கள் வேலைக்குச் சேரும்போது கேட்பது, "ரூமுக்கு எத்தனை பேரு?" என்பதைத்தான். உரிமத்தாள் சட்டகத்துக்குள் நன்றாகவே இருக்கும். உயிர் இருப்பது அறைக்குள்.

நாய்க்குட்டி, பூனை, முயல் என்று கைவிடப்பட்டவற்றை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விருதுநகரிலும் சிவகாசியிலும் திருத்தங்கலிலும் இருக்கிறார்கள். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை, வாசலில் பழைய சாக்கு, செல்போனில் ஒரு க்யூஆர் கோடு. பணம் அனுப்ப நினைக்கும் நல்ல மனிதர்கள் முதலில் கேட்பது, "டிரஸ்ட் ரிஜிஸ்டர் ஆகியிருக்கா?" பட்டாசு விஷயத்தில் இத்தனை கெட்டிக்காரராக இருக்கும் நாம், விலங்கு விஷயத்தில் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

பதிவு எதைச் சொல்லும்? சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் அறக்கட்டளைப் பத்திரத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும். 80ஜி இருந்தால் கொடுப்பவருக்கு வருமான வரியில் சலுகை உண்டு என்பதைச் சொல்லும். பின்கட்டில் முயலுக்குத் தண்ணீர் வைத்தார்களா என்பதை இரண்டுமே சொல்லாது. சட்டமும் இங்கே மெலிந்துதான் கிடக்கிறது. நாய் இனப்பெருக்கத்துக்கு 2017-இல் விதி வந்தது. செல்லப்பிராணிக் கடைக்கு 2018-இல் வந்தது. தெருநாய்க் கருத்தடைக்கு 2001-இல் வந்து 2023-இல் புதுப்பிக்கப்பட்டது. வெடிமருந்து அறைக்கு இருக்கும் அந்த 'நான்கு பேர்' போல வீட்டுக் கொட்டகைக்கு ஓர் எண் இல்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அறுபது வருடத்துக்கு முன் அது தண்டனையாக இருந்திருக்கலாம். இன்று அந்தப் பணத்தில் ஒரு பெட்டி மத்தாப்பு வாங்கலாம்.

தாளே எல்லாம் என்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கைச் சொல்ல வேண்டும். 1959-இல் சென்னையில் பெருமழை. தெருவில் ஓடிய வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் எடுத்துக்கொண்டு தி. நகர் வீட்டுக்கு வந்தார். அந்த வீட்டில்தான் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா தொடங்கியது. சங்கமாகப் பதிவானது 1964-இல். நடுவில் இருந்த ஐந்து வருடமும் அது தாள் இல்லாத ஒரு வீடு. அவர், அவர் மனைவி உஷா, பிள்ளைகள். தெருநாயைக் கொல்லாமல் கருத்தடை செய்து எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று அவர்கள் அந்த அறுபதுகளிலேயே சொன்னார்கள். சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்து சேர்ந்தது 1996-இல். ஆகவே வீட்டில் நடப்பது என்பதாலேயே ஒன்று போலி ஆகிவிடாது. நாடு பின்னால் ஏற்றுக்கொண்ட யோசனைகளில் ஒன்று அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்ததுதான்.

அசல் போலி எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் விருதுநகர் மாவட்டத்தை விடத் தோதான இடம் கிடையாது. ராஜபாளையம் நாயும் சிப்பிப்பாறை நாயும் இந்த மண்ணின் பெயரையே சுமக்கின்றன. ராஜபாளையத்துக்கு 2005-இல் தபால் தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலியில் இவற்றின் பெயரைச் சொல்லி, நாட்டு இனங்களை வளருங்கள் என்றார். பெயர் பரவினால் விலை ஏறும். விற்றால் உரிமம் கேட்பார்கள். தத்துக் கொடுத்தால் யார் கேட்பது? அப்படித்தான் குட்டி 'மீட்கப்பட்டது' ஆகிறது, விலை 'தத்துக் கட்டணம்' ஆகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவு வேண்டாம். மீட்பகத்துக்கு வருவது கலவையாகத்தான் வரும்: கிழடு, சொறி, கால் ஒடிந்தது, யாரும் திரும்பிப் பார்க்காத கறுப்பு நாட்டுக்குட்டி. ஒரு வீட்டில் வருடம் முழுவதும் ஒரே ஜாதிக் குட்டிகள், அதுவும் இரண்டு மாதத்துக்கு உட்பட்டவை மட்டும் இருந்தால், அந்தக் குட்டிகளின் தாய் எங்கே என்று கேட்டால் போதும். ராஜபாளையத்தின் பால் வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாமல் பிறக்கும். விற்பனைக்கு ஆகாத அந்தச் செவிட்டுக் குட்டி ஒன்றாவது அந்த வீட்டில் வளர்ந்து பெரிதாகி நிற்கிறதா என்றும் பார்க்கலாம். நின்றால் என் சந்தேகத்தில் பாதி போய்விடும்.

இன்னொரு வகைப் போலி செல்போனில் வாழ்கிறது. குட்டியை மலைப்பாம்பு சுற்றுகிறது, ஒரு கை வந்து காப்பாற்றுகிறது. பாம்பை அங்கே விட்டதும் அதே கைதான். ஆசியா ஃபார் அனிமல்ஸ் என்ற கூட்டமைப்பு 2024-இல் இந்த மாதிரிப் போலி மீட்புப் படங்களை ஆயிரத்துக்கு மேல் தேடி எடுத்து அறிக்கை வெளியிட்டது. கிணற்றில் விழுந்த குட்டியைத் தூக்க ஓடும்போது இத்தனை கோணத்தில் படம் பிடிக்க யாருக்கு நேரம் இருக்கும்? இதற்கு மேல் இவர்களுக்காக மையைச் செலவழிக்க வேண்டியதில்லை.

எனக்குப் பயம் திருடனிடம் இல்லை. திருடனுக்குக் கணக்குத் தெரியும். குட்டி செத்தால் நட்டம் என்றாவது பார்த்துக்கொள்வான். பயம் நல்லவரிடம். ஒன்றும் திருடாத, தன் சம்பளத்தையே அரிசிக்கும் பாலுக்கும் போடுகிற, யார் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத நல்லவரிடம். முதலில் ஆறு பூனை. அப்புறம் பதினொன்று. அப்புறம் எண்ணுவதை விட்டுவிடுவார். கதவைத் திறந்ததும் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். அவருக்கு அது தெரியாது, பழகிவிட்டது. புதிதாக வந்த ஒரு குட்டி, பழைய குட்டிகளோடு ஒரே தட்டில் பால் குடிக்கும். நான்காம் நாள் வாந்தி, ஐந்தாம் நாள் ரத்தக் கழிச்சல். பார்வோ கிருமி நாயில் ஒரு விதம், பூனையில் ஒரு விதம். இரண்டும் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரண சோப்புக்கு அசையாது. ஒரு வாரத்தில் கொட்டகையே காலியாகும். அடுத்த வாரம் மறுபடி நிரம்பும்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கேரி பாட்ரோனெக் 1999-இல் இதை ஆராய்ந்து எழுதினார். அளவுக்கு மீறிச் சேர்ப்பது, சேர்த்ததைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போவது, முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள மறுப்பது, இந்த மூன்றும் சேர்ந்ததே நோய் என்றார். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலும் பொருள்களைச் சேர்த்துக் குவிக்கும் நோயோடு இது இடம்பெற்றது. மூன்றாவதுதான் முக்கியம். எண்ணிக்கை மட்டும் நோயல்ல. எண்ண மறுப்பதுதான் நோய்.

இங்கே பட்டாசுப் பெண்ணின் கேள்வி துல்லியமாகப் பொருந்துகிறது. ரூமுக்கு எத்தனை? அதற்கு ஒரு வீட்டில் பட்டென்று பதில் வந்தால், "பன்னிரண்டு, இப்ப பதினொண்ணு இருக்கு" என்று வந்தால், பதிவு இருக்கிறதோ இல்லையோ, அங்கே ஏதோ ஒழுங்கு இருக்கிறது. "கணக்கெல்லாம் வச்சுக்கல சார், எல்லாம் பிள்ளைங்கதான்" என்று பதில் வந்தால் எனக்கு வயிறு கலங்கும். அடுத்த கேள்வி, புதிதாக வந்ததை இரண்டு வாரம் எங்கே தனியாக வைக்கிறீர்கள். குளியலறை, மாடிப்படிக்கு அடியில், எங்கே என்றாலும் சரி. தனி இடம், தனித் தட்டு, கடைசியாகக் கழுவும் கை. முயல் இருந்தால் ஆணும் பெண்ணும் பிரிந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். முயல் ஒரு மாதத்தில் ஈனும், ஈன்ற அன்றே மறுபடி சினையாகும். பிரிக்காத கூண்டு மீட்பகம் இல்லை, பண்ணை. கிளியோ நட்சத்திர ஆமையோ மயில் குஞ்சோ கூண்டில் இருந்தால் பேச்சையே அங்கே முடித்துக்கொள்ளலாம். அவை வனத்துறைக்கு உரியவை. எத்தனை பாசமாக வளர்த்தாலும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஸ்ரீவில்லிபுத்தூரில் புலிகள் காப்பகமே இருக்கும் மாவட்டத்தில், வன அலுவலகம் எங்கே என்று தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் விட நான் நம்புவது ஒரு நோட்டை. செத்தவற்றின் நோட்டு. மீட்பு என்றால் சாவு உண்டு. லாரி ஏறியது, கண் திறக்காதது, எலி மருந்து தின்றது எல்லாம் வரும் இடத்தில் எதுவும் சாகவில்லை என்றால் பொய், இல்லையென்றால் எண்ணவில்லை. எது எப்போது வந்தது, எந்த மருத்துவர் பார்த்தார், எதனால் போனது என்று கோணல் எழுத்தில் எழுதி வைத்திருக்கும் வீட்டில் பொய்க்கு இடம் குறைவு. அழகான படங்களை எல்லாரும் காட்டுவார்கள். இந்த நோட்டைக் காட்டத் தனியாக ஒரு நேர்மை வேண்டும்.

இது வரைக்கும் வாசலுக்கு வெளியே நின்று அந்த வீட்டைப் பரீட்சை பண்ணினோம். வாசலில் நிற்கும் நாம் யார்?

இரவு பத்து மணிக்கு மேல் மீட்பக வீட்டு வாசலில் அட்டைப் பெட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் அட்டைப் பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. பூச்சட்டிப் படம் போட்ட பெட்டிக்குள்ளேயே நான்கு பூனைக்குட்டி இருக்கும். காசு கொடுத்து வாங்கிய நாய்க்குச் சொறி வந்ததும் அங்கே கொண்டுபோய் விடுகிறோம். வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்ய யோசிக்கிறோம், அதன் குட்டிகளுக்கு மீட்பகம் நடத்தும் அந்த அக்கா இருக்கிறார். மாவட்டத்துக்கு ஒரு விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் வேண்டும் என்று மத்திய அரசு விதி வகுத்தது 2001-இல். அது நம் ஊரில் எப்படி இயங்குகிறது, கருத்தடைக்கு நகராட்சி எவ்வளவு ஒதுக்கியது என்று எந்தக் கூட்டத்திலும் நாம் எழுந்து கேட்பதில்லை. தீபாவளிக்கு மட்டுமல்ல, திருவிழா, கல்யாணம், சோதனை வெடி என்று இங்கே வருடம் முழுக்கச் சத்தம். மிரண்டு ஓடிய நாயைத் தேடிப் பிடிப்பதும் அந்த வீட்டின் வேலை.

இதற்கு எங்கள் பக்கத்தில் என்ன பெயர் என்று எல்லாருக்கும் தெரியும். உள்குத்தகை. பொறுப்பு நம் பெயரில் இருக்கிறது. வேலையை, காசு கொடுக்காமல், ஒரு பெண்ணின் தலையில் தள்ளிவிட்டோம். அங்கே கூட்டம் நெருக்கி, நோய் வெடித்தால், ஆலை முதலாளி சொல்வது போலவே சொல்லிக்கொள்கிறோம்: அவர் அப்படி நடத்துவார் என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒரு வீட்டுக் கொட்டகையின் நெரிசல் என்பது, ஊரில் எத்தனை பேர் தங்கள் பங்கைக் கீழே இறக்கி வைத்தார்கள் என்பதன் கணக்கு. அந்த வீடு சரியானதா என்று கேட்பவர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். க்யூஆர் கோடில் அனுப்பும் ஐநூறு ரூபாய் அந்தக் கணக்கைத் தீர்க்காது. பல சமயம் அதுதான் குத்தகைப் பணம்.

உள்குத்தகை விடாத ஊர் ஒன்று பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. சிவகங்கையில் வேட்டங்குடிக் கண்மாய்க்குப் பறவைகள் வரும். 1977-இல் அது சரணாலயமானது. கரையில் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுக்கிறது, அவ்வளவுதான். பட்டாசு பூமிக்காரன் இதைப் புகழ்வது சொந்தக் கடையில் கல் எறிவது மாதிரிதான், இருந்தாலும் உண்மை. அங்கே பறவைக்கு இரங்குவதற்கென்று ஓர் ஆளை வைக்கவில்லை. வீட்டுக்கு வீடு கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அதனால் யாருடைய வீட்டிலும் அந்தப் பொறுப்பு நிரம்பி வழியவில்லை.

நம் ஊர்களில் அந்த அக்காமார் எல்லாரும் ஒன்றுபோல இல்லை. "இந்த ஒண்ணை மட்டும் வச்சுக்கோங்கக்கா, புண்ணியமாப் போகும்" என்றால் வாங்கிக்கொள்பவர் உண்டு. அவரைத் தெருவே தெய்வம் என்கிறது. இன்னொருவர் கேட்டைப் பாதி திறந்து, "இடம் இல்லப்பா. ரெண்டு வாரம் உன் வீட்டுலயே வையி. தடுப்பூசிக்கு நான் டாக்டர்ட்ட சொல்றேன், ஆபரேசனுக்கும் தேதி வாங்கித் தாரேன். ஆள் கிடைக்கிறவரை நீதான் பாக்கணும்" என்பார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறவர் தெருமுனை தாண்டுவதற்குள் போனை எடுத்துவிடுவார். அந்தப் பொம்பளைக்கு ஈவிரக்கமே இல்லை, எல்லாம் காசுக்காக நடத்துறா என்று ஊருக்குள் பேச்சு கிளம்புவது இவரைப் பற்றித்தான்.