சாட்சியைக் கூண்டில் ஏற்று!

"எனக்கு மேடைப்பேச்சு வராது" என்று தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறாயே தம்பி, அந்த வழக்கில் சாட்சி சொன்னது யார்? உன் நினைவு ஒன்றுதானே! அதை ஒருமுறையாவது குறுக்கு விசாரணை செய்தாயா?

1974-ல் அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டசும் ஜான் பாமரும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். "கார்கள் இடித்தபோது என்ன வேகம்?" என்று 50 பேரிடம் கேட்டார்கள். வேறு 50 பேரிடம் "மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்றார்கள். நொறுங்கியது என்று காதில் விழுந்தவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று எல்லோரிடமும் கேள்வி. படத்தில் கண்ணாடி உடையவே இல்லை! ஆனாலும் 'இடித்த' கூட்டத்தில் 7 பேர் பார்த்தேன் என்றார்கள். 'நொறுங்கிய' கூட்டத்தில் 16 பேர்!

இப்போது உன் கதைக்கு வா. பள்ளி விழாவில் பேச்சின் பாதியில் இரண்டு வரி மறந்துபோனது. நடந்தது அவ்வளவுதான். அதை "மானமே போச்சு" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லி, உடையாத கண்ணாடியை நீயே உடைத்துக் கால் முழுக்கக் குத்திக்கொண்டு நிற்கிறாய்.

நீ மறந்ததை எல்லோரும் கவனித்தார்களா? கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர், போடவே கூச்சப்படும்படியான ஒரு டி-ஷர்ட்டை மாட்டி மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் பார்த்திருப்பார்கள் என்று போட்டவர்கள் குறுகிப்போனார்கள். உண்மையில் பார்த்தவர்கள் கால்வாசிதான். 2000-ல் வெளிவந்த ஆய்வு இது. உன் தடுமாற்றத்தை மனப்பாடம் செய்ய ஊருக்கு ஏது நேரம்?

'முடியாது' என்று ஒருமுறை முடிவு கட்டிவிட்டால், மனம் அதற்குத் தோதான ஆதாரத்தை மட்டுமே பொறுக்கும். நன்றாகப் பேசிய நாளெல்லாம் தள்ளுபடி. திக்கிய நாள் மட்டும் பத்திரம்!

கண்ணாடி முன் நின்று "என்னால் எல்லாம் முடியும்" என்று கத்தச் சொல்ல மாட்டேன். அதுவும் சரிபார்க்காத சாட்சிதான். உனக்கு வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. அடுத்த மேடைக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போகுமுன் என்ன நடக்கும் என்று நினைக்கிறாயோ அதைத் தேதி போட்டு எழுது. திரும்பி வந்த அன்றிரவே, நினைவு சாயம் பூசுவதற்குள், நடந்ததை எழுது: எத்தனை கேள்வி, எத்தனைக்குப் பதில், எங்கே தடுமாறினாய். 'அவமானம்', 'தோல்வி' என்ற சொற்களுக்கு அந்த நோட்டில் அனுமதி இல்லை, நடந்தது மட்டும். பத்துப் பக்கம் நிரம்பட்டும். அதன்பிறகு "எனக்கு வராது" என்று யார் சொன்னாலும், அது நீயாகவே இருந்தாலும், நோட்டைத் திறந்து எந்தத் தேதியில் என்று கேள்!