கல்லும் காணியும்

மாமல்லபுரத்துக் கடற்கரைக்குச் செல்வோர் பல்லவர் சமைத்த சிற்பங்களைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். அங்கிருந்து உள்நாடு நோக்கிச் சென்றால், சிறுதாவூர், குன்னத்தூர் முதலிய ஊர்ப்புறங்களில், பல்லவர்க்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட கல்வட்டங்களைக் காணலாம். இரும்புக் கால மக்கள் தம்முள் இறந்தோரைப் புதைத்து, அவ்விடத்தைச் சுற்றிப் பெருங்கற்களை நாட்டினர். செங்கற்பட்டு மாவட்டத்துச் சானூரில் 1950, 1952ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வு, அத்தகைய புதைகுழிகளிலிருந்து மட்கலங்களையும் இரும்புக் கருவிகளையும் வெளிக்கொணர்ந்தது. அங்கே உறங்குவோரின் பெயர்களை இன்று எவரும் அறியார்.

அக்கற்களைக் காணும் மலையகத்தவராகிய நம் நெஞ்சில் ஒரு வினா எழுகின்றது. இறந்தோர் மறக்கப்படுவது காலத்தின் இயல்பா, மனிதர் செய்த தீர்ப்பா?

காலத்தின் இயல்பே என்பர் சிலர். லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் 1892இல் மறைந்தார். கண்டியில் அவருக்கு நாட்டிய கல் இன்றும் நிற்கின்றது. அவருக்காகக் காடழித்துக் கன்று நட்டோர் எங்கே கிடக்கின்றனர்? இரு சாராரையும் கடந்து சென்றது ஒரே காலமன்றோ? தொழிலாளர் பெயர்கள் எழுதப்படாமலும் இல்லை. தோட்டத்துச் செக்ரோல் அவற்றை நாள்தோறும் பதிந்தே வந்தது. கூலிக் கணக்குக்குப் பெயர் வேண்டியிருந்தது, புதைகுழிக்கு வேண்டியிருக்கவில்லை.

உயிரோடு இருப்போரே சொந்தக் காணியின்றி லயங்களில் வாழ்கையில், மாண்டோர்க்குக் கல் எதற்கு என்று கேட்கும் தோழர்களும் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் இவை இரு வேறு வினாக்கள் அல்ல. கல் நாட்டுவதற்கு முதலில் வேண்டுவது நிலம். இஃது எம் மண் என்று சொல்ல முடிந்தவரே அதில் தம் முன்னோரை நிலைநிறுத்த முடியும். நம் மக்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்களுடைய பாட்டன் பாட்டியர் இம்மண்ணுக்குள் கிடந்ததை அந்தக் கணக்கு பொருட்படுத்தவில்லை.

மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றனர். வழியில் மாண்ட முன்னோரை நினைந்த அவர்களே காணியுரிமையும் கோரினர். நினைவும் உரிமையும் ஒன்றையொன்று தாங்குவன என்பதை அந்நடை காட்டிற்று.

ஆசிரியராகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியோரிடம் கேட்டு, இறந்த முன்னோரின் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும், உழைத்த மலையையும் எழுதி வைக்கட்டும். இம்மண்ணில் நமக்குள்ள உரிமைக்கு அவ்வேடுகளே சான்றாகட்டும்.