பிறர்க்கான அனுமானம்

தாமிரபரணிக் கரையில், பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து 1785-இல் காஞ்சிபுரத்தில் மறைந்தவர் சிவஞான முனிவர். சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை கண்ட அவரே அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தையும் தமிழில் தந்தார். சைவத் துறவிக்குத் தருக்க நூல் எதற்கு? சிவஞானபோதத்தை இயற்றிய மெய்கண்டாரின் நூலமைப்பே விடை சொல்கிறது. 12 சூத்திரங்களையும் அதிகரணங்களாக வகுத்து, இது மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), இது ஏது (காரணம்), இது எடுத்துக்காட்டு என்று அவர் பெயரிட்டு நிறுத்துகிறார். 2000-இல் தொடங்கிய ரூல்எம்எல் போன்ற குறியீட்டு மொழிகள் கணினிக்காகச் செய்வதும் இதற்கு நெருங்கிய வேலையே: எது நிபந்தனை, எது முடிவு என்று விதியின் உறுப்புகளுக்குத் தனித்தனி அடையாளம் இடுகின்றன.

அடையாளமிட்டதால் ஒரு வாதம் உண்மையாகிவிடாது. உலகம் தோன்றி, நின்று, அழிவது; ஆகவே அதற்கொரு கருத்தா உண்டு, குடத்துக்குக் குயவன் போல என்பது சைவர் வாதம். குயவனுக்கு உடல் உண்டே, இறைவனுக்கும் உண்டா என்று கேட்டனர், படைப்புக் கடவுளை ஏற்காத மீமாஞ்சகர். அடி விழுந்த இடம் எடுத்துக்காட்டு என்பது, உறுப்புகள் பிரிந்து நிற்பதால் உடனே புலப்படுகிறது. கணினி, தனக்குக் கொடுத்த விதியிலிருந்து பிசகாமல் முடிவை வருவிக்கும். அந்த விதி உலகத்தோடு பொருந்துமா என்று ஆராயாது. நம் தருக்கமோ எடுத்துக்காட்டையே ஓர் உறுப்பாக்கி அந்த ஆராய்ச்சியை உள்ளேயே வைத்திருக்கிறது. மலையில் புகை கண்டு நெருப்பை ஊகிப்பவர், இரண்டும் சேர்ந்திருக்கும் அடுக்களையையும் காட்டியாக வேண்டும். இத்தனை செய்தும் சமயச் சண்டை தீரவில்லையே எனலாம். தீராவிட்டாலும், எந்த உறுப்பில் முரண்படுகிறோம் என்பதையாவது இரு தரப்பும் அறிகின்றன.

வாக்குக்கும் மனத்துக்கும் எட்டாதவனை ஏதுவுக்குள் அடைப்பது வீண் என்பது இதைவிட வலுவான தடை. ஆனால், பாசத்தில் கட்டுண்ட அறிவால் பதியாகிய இறைவனை உணர முடியாது என்னும் 9-ஆம் சூத்திரத்தையும் மெய்கண்டார் மேற்கோளும் ஏதுவும் தந்தே நிறுவுகிறார். அனுமானம் எட்டாத இடம் உண்டு என்பதற்கும் காரணம் காட்டத் தாம் கடமைப்பட்டிருப்பதாக அவர் கருதினார். தருக்க சங்கிரகம் அனுமானத்தைத் தன்பொருட்டு, பிறர்பொருட்டு என இரண்டாக்கி, பிரதிஞ்ஞை (மேற்கோள்) முதல் நிகமனம் (முடிவுரை) ஈறான ஐந்து உறுப்புகளையும் பின்னதற்கே விதிப்பது இங்கே பொருள் பெறுகிறது. தனக்குள் தெளிந்தவருக்கு உறுப்பு எதுவும் வேண்டாம்; அவர் அனுபவத்தை யாரும் கணக்குக் கேட்க முடியாது. அதையே ஊருக்கு உண்மையென்று சொல்ல வரும்போது ஏதுவைத் தனியே எடுத்துவைக்கத்தான் வேண்டும். அதை மறுக்கும் சமயவாதி, பிறரை ஒப்புக்கொள்ளச் சொல்லும் உரிமையையும் இழக்கிறார்.