வழி சொல்லும் நாவும் வில்லே



கொல்லாமையைக் குலச்செல்வமாகப் பெற்றவர்கள் நாம். நம் இல்லங்களில் வில்லும் இல்லை, வலையும் இல்லை. ஆதலின் வேட்டை என்னும் தீவினை நம்மைத் தீண்டாது என்று எண்ணி அமைதி கொள்கிறோம். ஆனால், ஏழு தீவழக்கங்களுள் ஒன்றாக வேட்டையை வைத்த நம் ஆசாரியர்கள், வேட்டையாடுவோனோடு எண்ணிக்கையை நிறுத்தவில்லை.

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும், இல்லறத்தார் விலக்க வேண்டிய அனர்த்த தண்டங்களை ஐந்தாக வகுக்கின்றன. அவற்றுள் ஒன்று பாவோபதேசம். அதாவது, தீவினைக்கு வழி சொல்லுதல். மற்றொன்று இம்சாதானம், அதாவது, கொலைக்கருவிகளைக் கொடுத்தல். இன்ன காட்டில் மான் மிகுதி, இன்ன இடத்தில் பன்றி திரியும், இன்ன துறையில் பறவை இறங்கும் என்று வேடனுக்கு உரைப்பதையே முன்னதற்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர்கள் காட்டினர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வகுத்த இவ்விரண்டும் இன்று பெருந்தொழில்களாகவே நடைபெறுவதை எண்ணிப் பாருங்கள்.

ஒரு காலத்தில் நம் நாட்டிலும் அத்தொழில் இருந்தது. ஷிகார் கம்பெனிகள் என்று பெயர் பூண்டவை அயல்நாட்டாரிடம் பொருள் பெற்று, பரண் கட்டி, எருமைக் கன்றை இரையாகப் பிணித்து, விலங்கைத் துப்பாக்கியின் முன் கொணர்ந்து நிறுத்தின. 1970-இல் புலி வேட்டை தடை செய்யப்பெற்றது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் வந்த திருத்தமும் அத்தொழிலின் வாயிலை அடைத்தன. எனினும் தென்னாப்பிரிக்கா, நமீபியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைக்கும் மீன்பிடி விளையாட்டுக்கும் வழிகாட்டுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு விளம்பரம் எழுதுவோரும், படம் அமைப்போரும், கணக்கு வைப்போரும் வேண்டும். கணினி முன் அமர்ந்து உலகெங்கும் பணிபுரியும் நம் பிள்ளைகளிடம் இப்பணி வந்து சேர்தல் அரிதன்று. "நான் கொல்லவில்லை, எழுதத்தானே செய்கிறேன்?" என்று அப்பிள்ளை கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று வாயில்களாலும் வினை வந்து சேரும் என்பதே விடை. மனம் நாடும்படி வேட்டையைப் புனைந்து எழுதுவோன் மூன்றாம் வாயிலை மட்டுமன்று, இரண்டாவதையும் திறந்து விடுகிறான்.

வேட்டைக் கட்டணத்தால் காடு காக்கப்படுகிறது, ஏழைகள் பிழைக்கின்றனர் என்பர் சிலர். சிற்சில இடங்களில் அப்பொருள் காட்டுக்கும் ஊருக்கும் பயன்படுவதும் உண்டு. ஆயினும், அப்பயனுக்காக ஓர் உயிர் விலையாக வைக்கப்படுகிறது. கொல்வோன் இன்பத்திற்காகவே கொல்கிறான். பிடித்த மீனை மீண்டும் நீரில் விட்டுவிடுகிறோம் என்பர் வேறு சிலர். மீனும் ஐம்பொறி உடைய உயிரே. அதன் வாயில் தூண்டில் முள்ளைப் பாய்ச்சி, அது துடிப்பதைக் கண்டு மகிழும் உள்ளத்தில் அருள் எங்ஙனம் தங்கும்?

விருதுநகர், சிவகாசிப் பகுதிகளோடு வணிகத் தொடர்புடைய குடும்பங்களுக்கு இவ்வறம் இன்னும் அண்மையானது. விழாவுக்கு ஒளி தரும் மருந்தே கள்ளத்தனமாகக் கைமாறினால், காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயாகிறது. குளத்து மீன்களைக் கூட்டமாக மாய்க்கும் தோட்டாவாகிறது. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில், வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானை, ஆற்று நீரில் நின்றபடியே உயிர் நீத்தது. வெடியுப்பையும் கந்தகத்தையும் விற்போர், வாங்குவோன் யார், எதற்கு வாங்குகிறான் என்று வினவுதல் சட்டத்தின் பொருட்டு மட்டுமன்று. இம்சாதானத்தை விலக்கும் நோன்பின் பொருட்டும் ஆகும். வேட்டையைப் புகழும் அச்சுவேலை வந்தால் அதனை மறுக்கும் துணிவும் அந்நோன்பின் பகுதியே.

நேமிநாத சுவாமியின் திருமண நாளை நினைவு கொள்வோம். அடைபட்டுக் கதறிய விலங்குகளை அப்பெருமான் பிடிக்கவில்லை, பிடிக்குமாறு ஏவவுமில்லை. இவை யாருக்காக அடைக்கப்பட்டன என்று தேர்ப்பாகனை வினவினார். தம் மணவிருந்தின் பொருட்டு என்று அறிந்த கணமே தேரைத் திருப்பினார். அவ்வொரு வினாவை நம் வருவாய் ஒவ்வொன்றின் முன்னும் நாம் எழுப்ப வேண்டும்.

வழிகாட்டும் தொழிலே தீதென்று கூறோம். திருவில்லிபுத்தூர் மலையை அடுத்த பெரியாறு புலிகள் காப்பகத்தில், முன்பு காட்டில் களவாடித் திரிந்தவர்களே 1990-களின் இறுதியிலிருந்து பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டின் காவலர்களாகவும் மாறினர். காலடித் தடம் அறியும் அதே கண், அன்று கொல்ல உதவியது. பின்னர் காக்க உதவியது. 1988-இல் மலை அணிலுக்குச் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமான திருவில்லிபுத்தூர்க் காட்டிற்கும் அத்தகைய கண்களே தேவை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்களோ, வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அவர்கள் நம் ஆகமம் ஓதியவர் அல்லர். ஆயினும் ஆகமத்தின் பொருளை வாழ்ந்து காட்டுகின்றனர்.

விருதுநகர் மாவட்டத்துக் குறண்டியில் முற்காலத்தில் புகழ்பெற்ற சமணப் பள்ளி விளங்கியதை மதுரைச் சமணர்மலைக் கல்வெட்டுகள் இன்றும் கூறுகின்றன. அந்நிலத்தில் அன்று ஒலித்த அறவுரை நம் தொழிலிலும் எழுத்திலும் ஒலிக்கட்டும். பிள்ளைகளுக்கு வேலை தேடும்போது ஊதியத்தை வினவுவதற்கு முன், அவ்வேலை எவ்வுயிரின் கதறலைச் சுமந்து வருகிறது என்று வினவுவோம். கதறல் கேட்பின், தேரைத் திருப்புவோம்.

வாழ்க அருகன் திருவறம்!