பிள்ளை என்னும் அமானிதம்

அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே புகழனைத்தும்! சாந்தியும் சமாதானமும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக! ஆமீன்.



பிள்ளைகள் நம் உடைமையல்லர். அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கொடுத்தவன் ஒருநாள் கணக்குக் கேட்பான். ஊரில் இருக்கும்வரை இந்த அமானிதத்தைக் காக்க உம்மம்மா உண்டு, அண்டை வீட்டார் உண்டு, தெருமுனையில் பழகிய டாக்டர் உண்டு. கடல் கடந்து குடியேறிய குடும்பத்திற்கு இவற்றில் எது உண்டு?

இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து லண்டன் ஈஸ்ட் ஹாமிற்குப் போன ஓர் இளம் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவர் வேலைக்குப் போய்விட்டார். நடு இரவில் கைக்குழந்தையின் உடம்பு கொதிக்கிறது. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் தாய் தவிக்கிறாள். அந்தத் தவிப்பு வருமுன் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, போய் இறங்கிய வாரமே பக்கத்திலுள்ள ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1948 ஜூலை 5ஆம் நாள் தொடங்கிய அந்நாட்டின் தேசிய சுகாதாரப் பணிக்கு அதுவே தலைவாசல். இங்கிலாந்தில் இப்பதிவுக்கு விசாவோ, வீட்டு முகவரிச் சான்றோ கட்டாயமல்ல. 'இலவச வைத்தியம் கேட்க வெட்கமாக இருக்கிறது' என்பாரும் உளர். வெட்கம் எதற்கு? ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசா கேட்பவர்களில் பெரும்பாலோர் அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே செலுத்துகின்றனர். 2024 பிப்ரவரியில் அது ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 776 பவுண்டாக உயர்ந்தது. அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 111, உயிர்போகும் ஆபத்துக்கு 999 என்ற இரு எண்களும் வீட்டுச் சுவரில் எழுதியிருக்கட்டும்.

இரண்டாவது, டாக்டரைப் பற்றிய மனக்குறை. 'ஊரிலென்றால் ஊசி போட்டு, மூன்று மருந்து எழுதித் தருவார். இங்கே பாரசிட்டமால் கொடு, நீர் நிறையக் கொடு என்று அனுப்பிவிட்டார்' என்று தாய்மார்கள் வருந்துகிறார்கள். சளி, இருமலில் பெரும்பாலானவை வைரஸ் கிருமியால் வருவன. ஆண்டிபயாட்டிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. மருந்து தராததெல்லாம் அலட்சியம் என்று தப்பெண்ணம் கொள்ளலாகாது. அதேவேளை, பொறுமை என்ற பெயரில் வாளாவிருப்பதும் கூடாது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் கேட்க வேண்டும். உடம்பில் படர்ந்த தடிப்பின் மீது கண்ணாடித் தம்ளரை அழுத்தியும் அதன் நிறம் மறையவில்லை என்றால் உடனே 999ஐ அழைக்க வேண்டும்.

மூன்றாவது, மொழி. தாய்க்கு ஆங்கிலம் வராது என்று பத்து வயது மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் துணைக்கு அழைத்துச் செல்லும் வீடுகள் உண்டு. தம்பியின் நோயையும் உம்மாவின் அந்தரங்கத்தையும் அந்தச் சிறுமி சுமப்பது நியாயமா? பிள்ளை தவறாக ஒரு சொல் சொன்னால் மருந்தே மாறிப்போகுமே! முன்கூட்டிக் கேட்டால் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்வார்கள். பெண் டாக்டர் வேண்டுமென்றும் கேட்கலாம்.

நான்காவது, நம் வழக்கங்கள். பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்லுங்கள். பேரீத்தம்பழத்தைக் கூழாக்கித் துளியளவு அண்ணத்தில் தடவுங்கள். ஆனால் ஒரு வயது நிறையுமுன் தேன் வேண்டாம். தேனில் மனிதருக்கு நிவாரணம் உண்டென்று திருமறை கூறுவது சத்தியம். ஆயினும் எந்த மருந்துக்கும் பருவமும் அளவும் உண்டல்லவா? தேனில் சில வேளை இருக்கும் ஒரு கிருமி, பச்சிளங்குடலில் நஞ்சைப் பெருக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். குழந்தையின் கண்ணுக்குச் சுருமாவும் வேண்டாம். பல சுருமாக்களில் ஈயம் கலந்திருக்கிறது. ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும்.

நம் குழந்தைகள் பலருக்கு இடுப்பின் கீழே பிறவியிலேயே நீலத் தழும்பு காணப்படும். அறியாதவர் பார்த்தால் அடித்த காயம் என்று ஐயுறுவர். வீடு தேடி வரும் தாதியிடம் அதைக் காட்டி, குழந்தையின் சிவப்புப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, தடுப்பூசி. மூக்கில் செலுத்தும் ஃப்ளூ மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் உண்டு என்பது உண்மையே. 1995இல் குவைத்தில் கூடிய மார்க்க அறிஞர்கள், மூலப்பொருள் முற்றிலும் உருமாறிவிடுவதால் அது ஆகும் என்று கருத்துரைத்தனர். ஆகாது என்னும் ஆலிம்களும் இருக்கின்றனர். மனம் ஒப்பாதவர்கள் ஜெலட்டின் இல்லாத ஊசியைக் கேட்டுப் பெறலாம். கருத்து வேறுபாடு ஒரு மருந்தைப் பற்றியது. அதைக் காரணம் காட்டி எல்லா ஊசிகளையும் தள்ளுவது என்ன நியாயம்? 2024இல் இங்கிலாந்தில் 2,911 பேருக்குத் தட்டம்மை உறுதியானது. 2012க்குப் பிறகு அதுவே மிக அதிகம். தட்டம்மைக்கும் ஜெலட்டின் இல்லாத தடுப்பூசி இருக்கிறது.

'எல்லாம் விதிப்படி நடக்கும்' என்பார் சிலர். ஹிஜ்ரி 18ஐ ஒட்டி ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியபோது, உமர் (ரலி) அவர்கள் பாதி வழியிலேயே தம்முடன் வந்தவர்களோடு திரும்பினார்கள். விதியிலிருந்து தப்பி ஓடுவதா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் விடை பகர்ந்தார்கள். நோய் அவன் விதித்தது என்றால், மருந்தும் அவன் விதித்ததே. வைத்தியம் செய்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்களும் ஏவியிருக்கிறார்கள். தண்ணீர் ஓதிக் கொடுங்கள், மருந்தையும் கொடுங்கள்.

இறுதியாக, ஊரிலிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 'மருந்து தராத டாக்டர் என்ன டாக்டர்?' என்று தொலைபேசியில் மருமகளைக் கலங்க வைக்காதீர்கள். ஊருக்கு வந்து திரும்புவோரின் பெட்டியில் சுருமாவையும், பாதி மீந்த ஆண்டிபயாட்டிக் புட்டியையும் வைத்தனுப்பாதீர்கள். தனியாக இருக்கும் அந்தப் பெண்ணுக்கு உங்கள் தைரியமும் துஆவுமே பெரிய மருந்து.

யா அல்லாஹ்! பிறந்த மண்ணிலும் புகுந்த மண்ணிலும் எங்கள் கண்மணிகளுக்குப் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வாயாக! நோயுற்றவர்களுக்கு ஷிஃபாவையும், அவர்களுக்கு வைத்தியம் செய்வோருக்கு நற்கூலியையும் வழங்குவாயாக! நீ தந்த அமானிதத்தைப் பழுதின்றிக் காத்தவர்களாக எங்களை உன் திருமுன் நிறுத்துவாயாக! ஆமீன்.